ஏழைக்குத் தண்ணீர் இலவசமா? கணக்கைக் காட்டுங்கள்!

"இலவசமாகக் கொடுத்தால் அதன் மதிப்பு தெரியாது." குடிசைப் பகுதிகளுக்குக் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும் என்று யார் பேச்செடுத்தாலும் உடனே வரும் பதில் இதுதான். ஏதோ ஏழைகள் எல்லோரும் ஓசித் தண்ணீரில் நீச்சலடிப்பது போலவும், மற்றவர்கள்தான் பில் கட்டிக் கட்டி நொந்துபோனது போலவும் ஒரு நினைப்பு!

சரி, கணக்கே பார்த்துவிடலாம்.

சென்னையில் வீட்டுக்குள் குழாய் இல்லாத ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர். தெருமுனை சின்டெக்ஸ் தொட்டிக்கு லாரித் தண்ணீர் வரும். அது குளிக்கவும் துவைக்கவும். குடிக்க, கேன் தண்ணீர். 20 லிட்டர் கேன் 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளைக்கு ஒரு கேன் என்றாலே மாதம் 525 ரூபாய். குடும்ப வருமானம் 10,000 ரூபாய் என்றால், 5 சதவீதத்துக்கு மேல் குடிநீருக்கே போய்விடுகிறது! தண்ணீர்ச் செலவு வருமானத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐ.நா. வளர்ச்சித் திட்டம் சொல்லும் அளவுகோல்.

இன்னொரு விதமாகப் பாருங்கள். கேன் கணக்கில் 1,000 லிட்டர் 1,750 ரூபாய். அந்த விலைக்கு வாங்கியா பங்களா வாசலில் கார் கழுவுகிறார்கள்?

இது சென்னையின் கதை மட்டுமல்ல. வளரும் நாடுகளின் நகரங்களில் குடிசைவாசிகள், அதே நகரத்தின் வசதியானவர்களைவிட லிட்டருக்கு 5 முதல் 10 மடங்கு அதிகம் கொடுக்கிறார்கள் என்று 2006-ஆம் ஆண்டின் மனித வளர்ச்சி அறிக்கையே சொல்லியிருக்கிறது.

பேரேட்டில் ஏறாத செலவுகள் வேறு இருக்கின்றன. லாரிக்காகக் காத்திருக்கும் பெண் அன்று வேலைக்குப் போக முடியாது. அந்தக் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது? குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் டாக்டர் செலவு? கழிப்பறை இல்லாததால் இருட்டும் வரை அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும் பெண்களின் உடம்பு? வணிகவியலில் முதல் வருடத்திலேயே 'வாய்ப்புச் செலவு' என்று ஒரு பாடம் வருகிறது. பரீட்சைக்கு எழுதுகிறோம், அதோடு மறந்துவிடுகிறோம்!

அப்படியானால் குழாய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். தினமும் 20 ரூபாய் கொடுக்க முடிகிறவருக்கு, இணைப்புக்காக ஆயிரக்கணக்கில் மொத்தமாகக் கட்ட முடியாது. கட்டத் தயாராக இருந்தாலும் வீட்டுப் பத்திரம் கேட்டால், புறம்போக்கில் இருப்பவர் எங்கே போவார்? கையில் காசு இருந்தும் வாசல் அடைத்திருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு "அவர்களுக்கு ஓசியே பழக்கம்" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஏழைகள் காசு தரமாட்டார்கள், தந்தாலும் பராமரிக்கமாட்டார்கள் என்பவர்கள் திருச்சியைப் பார்க்கட்டும். பாழாய்க் கிடந்த பொதுக் கழிப்பிடங்களை, கிராமாலயா போன்ற அமைப்புகளின் துணையோடு குடிசைப் பகுதிப் பெண்களின் குழுக்களே எடுத்து நடத்தின. ஒரு முறைக்கு 50 பைசா போல ஒரு சிறு கட்டணம், டோக்கன், தினசரிக் கணக்கு நோட்டு. சுத்தம் செய்பவருக்குச் சம்பளம், மின்சாரக் கட்டணம் எல்லாம் அந்த வசூலிலிருந்தே போக, மீந்த பணத்தைப் பகுதியின் பிற தேவைகளுக்கும் செலவிட்டார்கள். திறந்தவெளியில் மலம் கழிப்பது முற்றிலும் நின்ற குடிசைப் பகுதியாக 2002-இல் கல்மந்தை அறிவிக்கப்பட்டது. எந்த மேலாண்மைக் கல்லூரியில் படித்தார்கள் அந்தப் பெண்கள்?

தண்ணீர் சும்மா வராது என்பது உண்மைதான். பம்பு, மின்சாரம், குழாய், ஊழியர் சம்பளம்... எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தை யாரிடம், எப்படி வாங்குவது என்பதே கேள்வி. இணைப்புச் செலவை அரசு ஏற்கட்டும், அல்லது சிறு தவணைகளாக வாங்கட்டும். நிலப் பத்திரத்தையும் குடிநீரையும் முடிச்சுப் போடுவதை நிறுத்தட்டும். அடிப்படைத் தேவைக்குக் குறைந்த கட்டணம், அதற்கு மேல் செலவழிப்பவருக்குக் கூடுதல் கட்டணம் என்று வைக்கட்டும். பொதுக் கழிப்பிடம் கட்டினால் தண்ணீரும் பராமரிப்புப் பணமும் சேர்த்தே திட்டமிடட்டும். தண்ணீர் இல்லாத கழிப்பறை வெறும் கட்டடம், அவ்வளவுதான்!

2010 ஜூலை 28 அன்று, பாதுகாப்பான குடிநீரும் சுகாதார வசதியும் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. 122 நாடுகள் ஆதரித்து வாக்களித்தன. இந்தியாவும் அதில் ஒன்று. கையைத் தூக்கியாகிவிட்டது, குழாய் எங்கே?

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளும் லாரிக்குக் காத்துக்கிடந்தன. அந்தச் சில மாதங்களுக்கே நகரம் அப்படிப் பதறியது! அதே வாழ்க்கையை வருடம் முழுக்க வாழ்கிறவர்களைப் பார்த்து இனி யாராவது "இலவசம்" என்று ஆரம்பித்தால், ஒரு பேப்பரும் பேனாவும் கொடுங்கள் நண்பர்களே. கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டுப் பேசட்டும்.