எரர் நம்பரை அழித்தால் என்ஜின் சரியாகிவிடுமா?

விண்டோஸில் நீலத் திரை வந்தால், அதில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் ரீஸ்டார்ட் செய்பவர்கள்தான் நம்மில் அதிகம். திரை மறைந்துவிடும், கோளாறு அப்படியே இருக்கும். இதே தவறு இப்போது கார் பட்டறைகளிலும் நடக்கிறது.

இன்றைய காரும் ஒரு கம்ப்யூட்டர்தான். ஓபிடி-2 என்ற சுயபரிசோதனை வசதி அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தும், நம் நாட்டில் 2013 ஏப்ரல் முதலும் கட்டாயமானது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் சிறிய புளூடூத் ஸ்கேனரைச் செருகினால், மொபைலிலேயே எரர் நம்பரைப் படித்துவிடலாம்.

எங்கள் காருக்குக் கோவையில் ஒரு பட்டறையில் டைமிங் செயின் மாற்றினோம். மூன்றாம் நாளே என்ஜின் விளக்கு எரிந்தது. எரர் நம்பர் பி0016. "சென்சார் போயிருச்சுங்க, மாத்திட்டாச் சரியாயிரும்" என்றார் மெக்கானிக். கேம் சென்சாரை மாற்றி, நம்பரை அழித்துக் கொடுத்தார். மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலை ஏறும்போது விளக்கு மறுபடியும் எரிந்தது. அடுத்து கிராங்க் சென்சாரையும் மாற்றினார்கள். மீண்டும் அதே எண்!

பி0016 என்றால் என்ன? கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாத நிலையில் சுற்றுகின்றன என்று பொருள். கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் கோளாறு என்றால் பி0335, கேம் சென்சார் என்றால் பி0340 என்று தனி எண்கள் இருக்கின்றன. அவை வராதபோது முதலில் பார்க்க வேண்டியது, கடைசியாகக் கை வைத்த இடத்தைத்தான். கவரைத் திறந்து பார்த்தபோது செயின் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருந்தது. 24 பல் கொண்ட கிராங்க் சக்கரத்தில் ஒரு பல் என்பது 15 டிகிரி. பல என்ஜின்களில் டைமிங் இன்னும் கொஞ்சம் தவறினால் பிஸ்டன் வால்வில் மோதும். அதன்பின் ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான்.

நம்பரை அழிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கோளாறு பதிவான நேரத்தில் என்ஜின் என்ன வேகத்தில், எவ்வளவு சூட்டில், எவ்வளவு லோடில் இருந்தது என்ற விவரங்களையும் காரின் கம்ப்யூட்டர் சேமித்து வைக்கிறது. இதற்கு 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று பெயர். நம்பரை அழித்தால் இதுவும் போய்விடும். திருட்டு நடந்த வீட்டில் கைரேகையைத் துடைப்பது போன்றது இது.

1930களிலேயே ஜி.டி. நாயுடு மின் மோட்டார் தயாரித்த ஊர் இது. நம் மெக்கானிக்குகளின் கைத்திறனில் குறையில்லை. ஆனால் எரர் நம்பரை உதிரிபாகப் பட்டியலாகப் படிக்கும் பழக்கம் மாற வேண்டும். அந்த எண் நோயின் அறிகுறி. மருந்துச் சீட்டு அல்ல.

எனவே வாசகர்களே, காரைப் பட்டறையில் விடும் முன் நீங்களே ஸ்கேன் செய்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் மறுபடியும் ஸ்கேன் செய்யுங்கள். எந்த எண்ணையும் உங்களைக் கேட்காமல் அழிக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பில்லில் பாகத்தின் பெயர் மட்டும் போதாது, அதை மாற்றியதற்கான காரணமும் இருக்கட்டும். பணம் கொடுப்பவர் நாம். கேட்பதில் தவறே இல்லை.