நிழலில் வாழும் நீர்ச்செடிகள்

உயர்தர வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் பத்து நாட்களாக எமது மேசைமீது கிடக்கின்றது. "எங்கள் வீட்டில் மீன்தொட்டி வைப்பதற்கு நடுக்கூடத்து மூலை ஒன்றுதான் உண்டு. இரண்டடி நீளத் தொட்டி. அந்த மூலைக்கு வெயில் வருவதில்லை. கடையில் வாங்கிய செடிகளை மூன்று முறை நட்டேன். மூன்று முறையும் அழுகிப்போயின. நீர் கெட்டு, சென்ற மாதம் ஐந்து தங்கமீன்களில் மூன்று இறந்துவிட்டன. இனி ஒரு மீன் செத்தாலும் தொட்டியை வெளியே தூக்கி வைத்துவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். இருட்டில் செடி வளர்க்க வழியுண்டா, அல்லது பிளாஸ்டிக் செடிதான் கதியா?" என்று அவர் கேட்கின்றார்.

அப்பாவின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அழுகிய நீரின் நாற்றம் நடுக்கூடத்தில் நிற்கும்போது விருந்தினரை எங்கே இருத்துவது? எமக்கும் இதில் அநுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வகுப்பு மாணவர்க்குக் காட்டும் பொருட்டு, ஒரு தொட்டியைச் சன்னலோரத்தில் வைத்தோம். இரண்டு வாரத்துள் நீர் பச்சைக் கூழாயிற்று. வெயிலே காரணமென்று கண்டு, தொட்டியை அறையின் உட்கோடிக்கு மாற்றினோம். பாசி ஒழிந்தது, பாசியோடு செடிகளும் ஒழிந்தன. முதலில் கீழிலைகள் உதிர்ந்தன. பின்னர்த் தண்டுகள் வெளுத்து நீண்டு ஒளியைத் தேடி வளைந்தன. ஈற்றில் எஞ்சியது அரை வாளி அழுகல். செடியை வாங்கியபின் அதற்கு இடந்தேடியதே எமது பிழை. இடத்தைப் பார்த்துச் செடியைத் தெரிந்திருக்க வேண்டும்.

எமது கண் இவ்விடயத்தில் நம்பத்தக்க சாட்சியன்று. நண்பகலில் திறந்த வெளியில் விழும் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்சு அளவினது. சன்னலுக்குத் தூரமான மூலையிலோ 100 அல்லது 200 லக்சு இருந்தால் அதுவே பெரிது. ஆயினும் கண்மணி விரிந்து கொடுப்பதால், அங்கேயும் எமக்குப் பத்திரிகை வாசிக்க முடிகின்றது. 'போதிய வெளிச்சம் இருக்கின்றதே' என்று எண்ணிவிடுகின்றோம். செடிக்கு விரிக்கக் கண்மணி இல்லை. மூடியில் படிந்த தூசும் தொட்டியின் ஆழமும் எஞ்சிய ஒளியிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

ஒளி குறைந்தால் செடிக்கு என்ன நேர்கின்றது? 1779ஆம் ஆண்டில் யான் இங்கென்ஹவுஸ் என்ற ஒல்லாந்து நாட்டு மருத்துவர், நீரில் அமிழ்த்திய இலைகள் வெயிலில் குமிழி விடுவதையும், இருளில் அது நின்றுவிடுவதையும் கண்டார். இருளில் செடிகள் காற்றைக் கெடுக்கின்றன என்றும் அவர் எழுதினார். உயர்தர மாணவர் இதனை ஒளித்தொகுப்பு, சுவாசம் என்ற இரு பெயர்களாற் படித்திருப்பர். ஒளித்தொகுப்பு செடியின் வரவு. அது ஒளியுள்ளபோது மட்டும் நிகழும். சுவாசம் செலவு, அது இரவுபகல் ஓய்வதில்லை. ஒளி குறையக் குறைய ஓர் எல்லையில் வரவும் செலவும் சமமாகின்றன. மாதச் சம்பளக்காரராகிய எமக்கு அவ்வெல்லையை எவரும் விளக்க வேண்டியதில்லை. அதற்குக் கீழே போன செடி, சேமித்த மாப்பொருளைத் தின்று சில வாரம் உயிர்வாழ்ந்து, பிறகு அழுகும். மாணவரின் செடிகள் நட்டவுடன் சாகாமல் மெல்ல மெல்லச் செத்திருப்பின், காரணம் பெரும்பாலும் இதுவே.

இவ்வெல்லை எல்லாச் செடிக்கும் ஒன்றன்று. வெயிற்செடி விரைந்து வளரும், மிகுந்து செலவிடும். நிழற்செடி மெல்ல வளரும், சிக்கனமாகச் செலவிடும். குறைந்த ஒளியே அதற்குப் போதும். ஆதலின் மூலைத் தொட்டிக்குச் செடி தேடுபவர், காட்டு மர நிழலில் ஓடும் நீரோடைகளில் என்ன வளர்கின்றது என்று கேட்க வேண்டும்.

விடை எமது தீவிலேயே உண்டு. கிரிப்டோகொரைன் என்பது நீரிலும் நீரோரத்திலும் வாழும் ஒரு சாதிச் செடி. எமது வளவில் வளரும் சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலங்கையின் ஈர வலயத்து ஓடைகளில் இதன் இனங்கள் பல வாழ்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. 19ஆம் நூற்றாண்டில் பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்சு என்பாரின் பெயரை ஓரினம் தாங்குகின்றது. தொட்டி வளர்ப்போர் மிகுதியும் விரும்பும் கிரிப்டோகொரைன் வென்ட்டியி என்ற இனத்துக்கு 1958ஆம் ஆண்டில் டி விற் என்ற ஒல்லாந்துத் தாவரவியலாளர் பெயரிட்டார். பச்சை, கபிலம், செம்மை எனப் பல நிறங்களில் இதன் இலைகள் காணப்படும். ஐரோப்பியரும் அமெரிக்கரும் தமது வரவேற்பறைகளில் வைத்துப் பார்த்து மகிழும் இச்செடியை எமது மாணவரிற் பலர் கண்டதில்லை. இது எமக்குச் சற்று வெட்கமாகவே இருக்கின்றது.

அதன் பெயர்க்கு 'மறைந்த தண்டாயுதம்' என்பது கிரேக்கப் பொருள். சேம்புப் பூவின் நடுவில் தடிபோல் நிற்கும் பூந்தண்டு, இச்செடியில் குழல்போன்ற மடலின் அடியிலுள்ள சிறு அறையில் ஒளிந்திருக்கும். உள்ளே நுழையும் சிறு பூச்சிகளே மகரந்தம் கொண்டு செல்வன. நீர்மட்டம் தாழ்ந்து செடி வெளியே நிற்கும்போதே இது எளிதிற் பூக்கும். தொட்டியினுள் பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

இனி மாணவர் முக்கியமாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. கிரிப்டோகொரைன் இடம்மாறியவுடன், சில நாட்களில், அதன் இலைகள் கண்ணாடிபோலாகிக் கூழாய்க் கரைந்துவிடும். நாற்றுமேடைகளில் இதனைப் பெரும்பாலும் நீருக்கு வெளியே ஈரத்தில் வளர்ப்பர். அங்கே தோன்றிய இலைகள் நீருக்குள் நிலைப்பதில்லை. நீரின் தன்மை மாறினாலும் இவ்வாறே நேரும். கண்டவர் செடி செத்ததென்று பிடுங்கி எறிந்துவிடுகின்றனர். வேர்த்தண்டு உறுதியாயிருப்பின் செடி சாகவில்லை. மூன்று நான்கு வாரத்தில் புதிய தளிர் எழும். ஆயின் கரையும் இலைகளை அன்றன்றே கிள்ளி வெளியே எடுத்துவிட வேண்டும். அவை தொட்டியில் அழுகினால் அமோனியா பெருகும். அந்த அமோனியாவே மீனைக் கொல்வது. இம்மாணவர் எறிந்த மூன்று முறையில் ஒரு முறையேனும் உயிருள்ள செடியை எறிந்திருக்கக்கூடும் என்று எமக்கு ஐயம் உண்டு.

நடுவது எளிது. கழுவிய ஆற்றுப் பருமணலை இரண்டங்குல உயரத்துக்கு இட்டு, வேர்கள் மண்ணுள்ளும் குருத்து வெளியிலும் இருக்க ஊன்றுக. வேரருகே சுத்தமான களிமண் உருண்டை ஒன்றைப் புதைத்தால் நன்று. கடற்கரை மணல் ஆகாது. அதிலுள்ள சிப்பித் துகள்கள் நீரின் வன்மையைக் கூட்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்பு மிக்கதாயிற்றே என்பார்க்கு, வென்ட்டியி இனம் வன்னீரையும் பொறுக்கும் என்று சொல்லலாம். நட்டபின் அடிக்கடி பிடுங்கி இடம்மாற்றாதீர்கள். ஓராண்டு ஓரிடத்தில் விட்டால் மண்ணடியில் ஓடிகள் விட்டுத் தானே பெருகும்.

யாவா பன்னமும், மேற்கு ஆபிரிக்கக் காட்டோடைகளிலிருந்து வந்த அனுபியசும் இதே குணமுடையவை. இவற்றின் வேர்த்தண்டை மண்ணிற் புதைத்தால் அழுகும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலாற் கட்டிவிட வேண்டும். இலை தடிப்பானதால் தங்கமீன்களும் இவற்றை அவ்வளவாகக் கடிப்பதில்லை. கிரிப்டோகொரைனைத் தங்கமீன் கிளறி எடுத்துவிடும். உண்மையைச் சொன்னால், இரண்டடித் தொட்டி தங்கமீனுக்கு ஏற்றதன்று. எஞ்சிய இரண்டையும் பெரிய சீமெந்துத் தொட்டி உள்ள எவரிடமேனும் ஒப்படைத்து, ஆறு கப்பி மீன்களோடு தொடங்குவதே எமக்கு உகந்ததாகப் படுகின்றது.

மூலை எவ்வளவுதான் செடிக்கு ஏற்றதாயினும் ஒரு விளக்கு வேண்டும். இரண்டடித் தொட்டிக்கு 8 முதல் 10 வாற்று அளவுள்ள வெள்ளை எல்.ஈ.டி. விளக்கொன்று போதும். நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் எரிக்கலாம். ஒளி குறைவென்று நினைத்துப் பதினாறு மணிநேரம் எரிப்பவர் செடியை அல்ல, பாசியையே வளர்க்கின்றார்.

செடி உண்டு, இனிக் காற்றுப்பம்பி எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. 1850இல் இலண்டன் இரசாயனவறிஞர் றொபேட் வாறிங்ரன், இரண்டு பொன்மீன்களையும் வலிசுனேரியாச் செடியையும் நத்தைகளையும் ஒரு தொட்டியிலிட்டு, நீரை மாற்றாமலே அவை வாழக்கூடுமென்று காட்டினார். ஆயின் அவர் வைத்தவை இரண்டே மீன்கள் என்பதை மறக்கலாகாது. நிழற்செடி விடும் ஒட்சிசன் சொற்பம். இரவிலோ அதுவும் மீனோடு சேர்ந்து ஒட்சிசனைச் செலவிடும். 2022இல் நாள்தோறும் பல மணிநேரம் மின்சாரம் நின்ற காலத்தில், பம்பியை நம்பி மீன்களை நிறைத்து வைத்தவர் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். மீன் குறைவாயிருப்பின் நீரின் மேற்பரப்பு வழியாகக் கரையும் காற்றே பெரிதும் போதுமானது. இத்தொட்டியில் செடி செய்யும் தலையாய உதவி வேறு: மீன் கழிவிலிருந்து எழும் அமோனியாவை அது உணவாக உறிஞ்சிக்கொள்கின்றது. அதற்காக வாரந்தோறும் காற்பங்கு நீரை மாற்றும் வேலை ஒழிந்துவிடாது. குழாய்நீராயின் ஒருநாள் திறந்து வைத்துக் குளோரீன் போனபின் ஊற்றுக.

செடியைத் தேடி ஓடைகளுக்குப் போக வேண்டாம். இவ்வினங்களிற் பல அருகி வருவன. சிறிய இடப்பரப்புள் மட்டும் எஞ்சியவையும் உண்டு. வளர்த்து விற்பவரிடம் வாங்குக. மிஞ்சிய செடியைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டுவதும் ஆகாது. 1939இல் கல்விக்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா எமது வயல்களையும் நீர்நிலைகளையும் மூடியது. மறுபுறம் எமது கிரிப்டோகொரைன் பெக்கெட்டியி, அமெரிக்காவின் ரெக்சாசு மாநிலத்துச் சான் மார்க்கோஸ் ஆற்றிற் பரவி, அங்குள்ளோர் அதனைப் பிடுங்கிக் களைப்படும்படி செய்தது.

கடிதம் எழுதிய தம்பிக்கு ஒன்று. முதற் செடி நட்டுச் சில நாட்களில் இலைகள் கரையும் என்பதை நடுவதற்கு முன்பே அப்பாவிடம் சொல்லி வைக்கவும். அவர் இணங்கினால் தளிர் வரும்வரை ஒரு மாதத் தவணை கேட்கவும். அம்மாதத்தில் மீன் எதுவும் வாங்க வேண்டாம்.