கைத்தறியும் கைபேசியும்

ஒரு தொழில் நலிவதற்கு நெடுநாட் பஞ்சம் வேண்டியதில்லை. ஓரிரவு வெள்ளம் போதும். பாவு நனைந்து, தறிக்குழியில் சேறு நிறைந்து, விற்பனைக்கென அடுக்கி வைத்த துணியும் கறைபட்டுப் போகுமானால், நெசவாளர் இழப்பது அன்றைய கூலியை மட்டுமன்று. அடுத்த பாவு போடும் சக்தியையும் இழக்கின்றனர். அத்தகைய நிலையிலிருந்து அவர்கள் மீண்டெழ இணையமும் கைபேசியும் எவ்வளவு தூரம் துணை செய்யும் என்பதை அங்கத்தினர்களின் சிந்தனைக்கு வைக்க விரும்புகிறோம்.

கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், பரவூரை அடுத்து, சேந்தமங்கலம் என்னும் ஊர் இருக்கிறது. நம் நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம் வேறு. இது பெரியாற்று நீர் சூழ்ந்த நெசவூர். நயமான பருத்தி நூலில் மெல்லிய கரையிட்டு நெய்யும் வேட்டிக்கும் முண்டுக்கும் பெயர் பெற்றது. தறியில் அமர்வோர் பெரும்பாலும் பெண்கள். சரக்கை விற்றுக் கொடுப்பவை கூட்டுறவுச் சங்கங்கள். ஓணப் பண்டிகையே அவர்களுக்குப் பெரிய விற்பனைக் காலம். 2018 ஆகஸ்டு மாத நடுவில், ஓணத்திற்குச் சில நாட்களே இருந்தபோது, வெள்ளம் ஊருக்குள் புகுந்தது. தறிகள் பழுதாயின, நூல் வீணாயிற்று, பண்டிகைக்கென நெய்து வைத்த துணியெல்லாம் சேற்றுக் கறை படிந்து விலைபோகாத சரக்காயிற்று.

அத்துணிகளை எரித்துவிடலாம் என்ற எண்ணம் எழுந்த வேளையில், லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்னும் இருவர் ஒரு வழி கண்டனர். கறைத்துணியைத் துவைத்துக் கிருமி நீக்கி, சிறு துண்டுகளாக வெட்டி, முடிந்து, பொம்மையாக்கினர். கறை அப்படியே இருந்தது. அதை மறைக்க முயலவில்லை. மலையாளத்திலும் சேறு சேறுதான்; சேற்றில் பிறந்த குழந்தை என்னும் பொருள்பட அதற்குச் 'சேக்குட்டி' என்று பெயரிட்டனர். விலை ஒன்றுக்கு 25 ரூபாய். சுமார் 1,300 ரூபாய்க்கு விற்றிருக்கக்கூடிய ஒரு சேலையிலிருந்து 360 பொம்மைகள் செய்யலாம் என்று கணக்கிட்டனர். அதாவது 9,000 ரூபாய்.

இச்செய்தி இணையத்தின் வழியே பரவிற்று. மாணவர்களும், அலுவலகங்களில் பணிபுரிவோரும், இல்லத்தரசிகளும், கடல் கடந்து வாழ்வோரும் தத்தம் ஊரிலேயே கூடி அமர்ந்து பொம்மை செய்து கொடுத்தனர். வாங்குவோரும் இணையத்தின் வழியே வாங்கினர். ஒருவரை ஒருவர் முன்பின் அறியாத இத்தனை பேரை ஒரு வேலையில் இணைத்தது கைபேசித் திரையே. முன்னாளில் இவ்வளவு பெரிய உதவிக்கு ஆள் சேர்க்கப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.

ஆயினும் இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பொம்மை நெசவன்று, தறி மீண்டும் ஓடும் வரையில் கைகொடுத்த ஊன்றுகோலே அது. அனுதாபத்தால் வாங்குவோர் ஒருமுறை வாங்குவர். தரத்தைக் கண்டு வாங்குவோரே மறுமுறையும் வருவர். அன்றியும், வந்த பணத்தைப் பெற்றுக் கணக்கில் வரவு வைத்து உரியவர்களிடம் சேர்ப்பிக்க அங்கே ஒரு சங்கம் முன்னரே இருந்தது. சங்கம் இல்லாத இடத்தில் அனுதாபம் சிதறிப் போகும். எனவே, கைபேசி சங்கத்திற்கு மாற்றன்று. சங்கத்தின் கையில் இருக்க வேண்டிய கருவி என்பதே நம் கருத்து.

நம் சங்கங்களின் நிலை என்ன? தணிக்கைக்கும் ஆய்வுக்கும் செல்லுமிடங்களில் நாம் காண்பது இதுதான். சில சங்கங்களில் இணைய விற்பனை என்ற பேச்சே இல்லை. சிலவற்றில் உண்டு; ஆனால் அது ஒரே ஒருவரின் சொந்தக் கைபேசியில் இருக்கிறது. வாங்குவோரின் முகவரியும், கணக்கின் கடவுச்சொல்லும் அவர் ஒருவருக்கே தெரியும். அவர் விலகினால் பல ஆண்டு உழைப்பும் அவருடனேயே போய்விடும். இன்னும் சிலவற்றில், வெளியார் ஒருவர் சங்கத்தின் துணியைக் குறைந்த விலைக்கு எடுத்து, அழகாகப் படம்பிடித்து, அதிக விலைக்கு இணையத்தில் விற்கிறார். முன்பு நூலைக் கொடுத்துத் துணியை வாங்கிக்கொண்டு தாம் வைத்ததே கூலி என்றிருந்த வியாபாரியின் பிடியிலிருந்து விடுபடவன்றோ நாம் சங்கம் கண்டோம்? அவரே இன்று கைபேசியுடன் வந்தால் அடையாளம் தெரியாமற் போவதா?

ஆகையால் நிர்வாகக் குழுவினருக்குச் சில யோசனைகள் கூறுவோம்.

முதலாவது, சங்கந்தோறும் அங்கத்தினர் குடும்பத்து இளைஞர் இருவரேனும், அவருள் ஒருவர் பெண்ணாக, இவ்வேலையைப் பழக வேண்டும். பகல் வெளிச்சத்தில் துணியைப் படம்பிடித்தல், நூல் எண், நீளம், அகலம், சாயம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுதல், கேட்போருக்கு அன்றே மறுமொழி தருதல், கட்டி அனுப்புதல் ஆகிய இவை சில வாரங்களில் கைவரக் கூடியவையே.

இரண்டாவது, இணையக் கணக்கும் தொலைபேசி எண்ணும் சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். பணம் சங்கத்தின் வங்கிக் கணக்கிற்கே வர வேண்டும். பொறுப்பாளர் யார் என்பது தீர்மானப் புத்தகத்தில் பதிவாக வேண்டும்.

மூன்றாவது, உண்மை. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்போர் மலிந்த சந்தையில், 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை நமக்குக் கவசம். படத்தில் ஒரு நிறமும் பெட்டியில் ஒரு நிறமுமாக அனுப்பினால் அக்கவசத்தை நாமே உடைத்தவர்களாவோம்.

"தறியில் உட்காரவே நேரம் போதவில்லை, இது எதற்கு?" என்று மூத்த அங்கத்தினர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. நெய்பவரே விற்கவும் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சங்கம் நூல் வாங்கித் தருவது போல, இவ்வேலையையும் சங்கமே ஏற்க வேண்டும் என்கிறோம். விளைவிப்போருக்கும் இது பொருந்தும். மின்னணு தேசிய வேளாண் சந்தை 2016-இல் தொடங்கப்பட்டது. விலையைத் தாமே பார்க்கத் தெரிந்த விவசாயி தரகர் சொல்லையே நம்பி மூட்டையை இறக்க வேண்டியதில்லை. அதைப் பார்த்து மற்றவருக்கும் தெரிவிக்க ஊருக்கு ஒருவர் இருந்தாலும் போதும்.

1844-இல் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் 28 பேர் ஒரு சிறு கடையைத் திறந்தனர். அவர்களில் நெசவாளரும் இருந்தனர். கலப்படமற்ற சரக்கும் சரியான எடையும் அவர்களுடைய மூலதனம். பின்னர் அவர்கள் உபரியில் ஒரு பங்கை அங்கத்தினரின் கல்விக்கென்றே ஒதுக்கினர். கல்வியும் பயிற்சியும் கூட்டுறவுக் கொள்கைகளுள் ஒன்றாக இன்றளவும் நிற்கின்றன. நம் சங்கங்களும் கூட்டுறவுக் கல்விக்கென நிதி செலுத்துகின்றன. அக்கல்வி சொற்பொழிவோடு நின்றுவிடாமல், நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் தொழிலாக வந்து சேர வேண்டும்.

வெள்ளம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அது வந்த பின் கடவுச்சொல்லைத் தேடுவதைவிட, வருமுன்னரே வாங்குவோர் நூறு பேரின் நம்பிக்கையைச் சேமித்து வைப்பது அறிவுடைமை. அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இப்பொருளை எழுப்பித் தீர்மானம் காண வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.