உப்பளத்தான் வரிப்பணமும் ஊரமைப்பு ஆராய்ச்சியும்

மரக்காணத்தை அடுத்த அனுமந்தைப் பக்கத்திலிருந்து தோழர் ஒருவர் நமக்கு ஒரு கேள்வி எழுதியிருக்கிறார். "ஆராய்ச்சி, விஞ்ஞானம் என்று வாரந்தவறாமல் எழுதுகிறீர்களே, வீடு கட்டுவதைப் பற்றியும் ஊர் அமைப்பதைப் பற்றியும் சர்க்கார் பணத்தில் எத்தனையோ ஆராய்ச்சி நடப்பதாகச் சொல்லுகிறார்களே, அதில் ஒரு வரியாவது எங்கள் கூரைக்கு வந்து சேராதது ஏன்?" என்பது அவரது கேள்வி. கேள்வி சிறியதுதான். ஆனால் இதற்கு யோக்கியமான பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் டெல்லியிலும் சென்னையிலும் ஏராளமாய் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லமாட்டார்களாதலால் நாமே சிறிது எழுதத் துணிகிறோம்.

முதலில் அந்தப் பணம் யாருடையது என்பதைப் பார்ப்போம். உப்பின்மேல் இருந்த வரி 1947ல் எடுபட்டது. இன்றும் உப்புக்குச் சரக்கு சேவை வரி கிடையாது. இதைச் சொல்லித் தேசபக்தர்கள் வெகுகாலம் மேடையில் மார்தட்டிக் கொண்டார்கள். ஆனால் பாத்தி மிதித்து, உப்பு வாரி, வெயிலில் கண் கூசி, உப்புநீரில் கால் வெடித்து நிற்கிற தொழிலாளி தன் வீட்டுக்கு ஒரு மூட்டை சிமெண்டு வாங்கினால் 2025 செப்டம்பர் வரையில் நூற்றுக்கு 28ம், அதன் பின்னர் நூற்றுக்கு 18ம் வரி கொடுத்தே தீரவேண்டும். அவன் வாங்கும் செருப்புக்கும் சோப்புக்கும்கூட வரி உண்டு. இந்தக் காசும் சேர்ந்துதான் பண்டிதர்களுக்குச் சம்பளமாகவும், மகாநாடுகளுக்குப் படிச்செலவாகவும், அச்சிட்டு அலமாரியில் அடுக்கப்படும் அறிக்கைகளாகவும் ஆகிறது. ஆகவே, அனுமந்தைத் தோழர் யாசகம் கேட்கவில்லை. முதல் போட்டவன் கணக்குக் கேட்பது போலக் கேட்கிறார்.

கடற்கரையில் கான்கிரீட் வீடு ஏன் சீக்கிரத்தில் பாழாகிறது என்பது இன்று ரகசியமான விஷயமல்ல. உப்புக்காற்றிலுள்ள குளோரைடு கான்கிரீட்டின் நுண்ணிய துளைகள் வழியாக உள்ளே புகுந்து கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக் கொள்ளுவதால், உள்ளிருந்து நெம்பி மேலே உள்ள கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளுகிறது. படுத்திருக்கிறவன் தலைமேல் விழுவது அதுதான். இதில் சனியும் இல்லை, ராகுவும் இல்லை. "வீட்டுக்கு வாஸ்து சரியில்லை, ஒரு ஹோமம் செய்" என்று சொல்லுகிறவன் அந்தத் துருவைவிடக் கேடானவன்.

இதற்குப் பரிகாரமும் தெரிந்ததுதான். கம்பிக்கு வெளியே கான்கிரீட்டைக் கனமாகப் போடவேண்டும். தண்ணீரைக் குறைத்து நெருக்கமாகக் கலக்கவேண்டும். உப்பில்லாத நீரும் மணலும் வேண்டும். கம்பிக்கே துருத்தடுப்புப் பூச்சு கொடுக்கலாம். அப்படிப்பட்ட பூச்சு முறையை வகுத்தது எந்தச் சீமையோ அல்ல. நம் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948ல் அடிக்கல் நாட்டி 1953ல் திறக்கப்பட்ட நிலையம் அது. மற்றச் செலவெல்லாம் பொது ஜனங்களுடையது. தமிழன் நிலத்தில், தமிழன் பணத்தில், துருவைப் பற்றி 70 வருஷத்துக்கு மேல் ஆராய்ச்சி செய்த நிலையம் நம் நாட்டிலேயே இருக்கிறது. துருப்பிடித்த கூரையும் நம் நாட்டிலேயே இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அரை நாள் பஸ் பிரயாணம்தான்.

மத்திய சர்க்காரின் கிராம வீட்டுத் திட்டம் சமவெளிக்கு ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய் என்றும், மலைநாடுகளுக்கு 1,30,000 ரூபாய் என்றும் வகுத்தது. மலைக்கு ஒரு கணக்கு உண்டென்று ஒப்புக்கொண்டவர்களுக்கு உப்புக்கரைக்கு ஒரு கணக்கு உண்டென்பது புலப்படவில்லை. மாகாண சர்க்கார் 2024ல் தொடங்கிய கனவு இல்லத் திட்டத்தில் தொகை மூன்றரை லட்சம், அளவு 360 சதுர அடி. இது முன்னதைவிட எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் சேலத்துக்குப் போடும் கம்பியும் மரக்காணத்துக்குப் போடும் கம்பியும் ஒன்றாயிருக்கலாமா என்று எந்த எஞ்சினீயராவது எழுத்தில் பதில் சொல்லட்டும். உப்புத் தொழிலாளிக்கென்றே மத்திய சர்க்கார் ஒரு வீட்டுத் திட்டம் போட்டதும் உண்டு. அதன் பெயர் "நமக் மஸ்தூர் ஆவாஸ் யோஜனா." பெயரைப் படித்துப் பொருள் தெரிந்துகொள்ளவே நம் உப்பளத்தான் முதலில் இந்தி வாத்தியார் ஒருவரைத் தேடவேண்டும் போலும்!

நிற்க. அனுமந்தைக்குத் தெற்கே சில மைல் தொலைவில், அதே விழுப்புரம் ஜில்லாவில், உலகத்தாரெல்லாம் வந்து பார்க்கும் ஊரமைப்பு ஆராய்ச்சி ஒன்று நடக்கிறது. அதுதான் ஆரோவில். 1968 பிப்ரவரி 28ந் தேதி 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டுத் தொடங்கினார்கள். 50,000 பேருக்கான நகரம் என்று படம் போட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் குடியிருப்பவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். 1980ல் மத்திய சர்க்கார் சட்டம் போட்டு நிர்வாகத்தை ஏற்றது. 1988ல் தனிச் சட்டத்தால் ஒரு ஸ்தாபனமாக்கி, கல்வி இலாகாவின் கீழ் வைத்து, கலாசார நகரம் என்ற பெயரில் மான்யமும் கொடுத்து வருகிறது.

இது மதக்காரியம் அல்லவா, இதில் சர்க்காருக்கு என்ன வேலை என்று ஒரு வழக்கு நடந்தது. 1982ல் சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மை நீதிபதிகள், அரவிந்தர் போதனை தத்துவமே தவிர மதம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி ஒருவர் மட்டும் அதை மதப்பிரிவாகக் கொள்ளலாம் என்று கருதினார். ஆனால் சட்டம் செல்லும் என்பதில் அவரும் சேர்ந்துகொண்டார். அந்த விவகாரத்துக்குள் நாம் இப்போது போகவில்லை. சாதாரண மனிதன் கண்ணுக்குத் தங்கத்தகடு வேய்ந்த உருண்டையும், அதற்குள் மௌனமாய் உட்காரும் கூடமும் என்னவாய்த் தோன்றும் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

அங்கு நடப்பதெல்லாம் வீண் என்று நாம் சொல்ல வரவில்லை. பொட்டல் செம்மண் மேட்டைக் காடாக்கியிருக்கிறார்கள். மத்திய சர்க்காரின் வீட்டு வசதிக் கழகமான ஹட்கோ 1989ல் தொடங்கி வைத்த கட்டிட நிலையம், மண்ணோடு சிறிது சிமெண்டு சேர்த்து அழுத்திச் சுடாமலே கல் செய்யும் முறையைப் பல தேசத்தாருக்கும் கற்றுக்கொடுத்து வருகிறது. சூளைக்கு விறகு வேண்டாம். காலடி மண்ணே போதும். ஏழைக்கு வீடு கட்ட இதைவிட ஏற்ற முறை எது? ஆதலால்தான் நாம் கேட்கிறோம்: எத்தியோப்பியாக்காரனும் பிரெஞ்சுக்காரனும் வந்து கற்றுப்போகும் இந்த வித்தையை, வானூர் தாலுகாவிலும் மரக்காணம் தாலுகாவிலும் சர்க்கார் கட்டும் வீடுகளுக்கான விலைப்பட்டியலில் ஏற்றவிடாமல் தடுப்பது யார்? கண்டிராக்டரா? எஞ்சினீயரா? அல்லது மண்வீடு என்றால் பணக்காரனுக்குக் கலை, ஏழைக்கு அவமானம் என்று நம் மூளையில் ஏற்றி வைத்திருக்கும் பைத்தியக்காரத்தனமா?

அந்த நகரத்துக்குள் ஒரு சாலை போடுவதற்காக 2021 டிசம்பரில் மரம் வெட்டினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் 2022ல் ஓர் உத்தரவு போட, சுப்ரீம் கோர்ட்டு 2025 மார்ச்சில் அதை ரத்துச் செய்தது. படத்தில் போட்ட வட்டம் தரையிலும் வட்டமாயிருக்க வேண்டுமா என்பதற்கு இத்தனை வக்கீல்! சேரிக்குள் ஆம்புலன்ஸ் நுழையப் பாதை கேட்டு எந்த உப்பளத்தான் சுப்ரீம் கோர்ட்டு வரை போக முடியும்?

இனி, இவ்வளவு ஆராய்ச்சிக்காரர்களும் தொடாமல் ஒதுங்கிப்போகும் விஷயத்துக்கு வருவோம். இந்தக் கடற்கரைக்கு ஆரோவில்லுக்கு முன்பே ஒரு ஊரமைப்புப் படம் உண்டு. அதைப் போட்டவன் எந்த யூனிவர்சிட்டியிலும் படித்தவனல்ல. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம், குப்பம் ஒரு பக்கம். மயமதம், மானசாரம் என்னும் வடமொழிச் சிற்ப நூல்களே வருணத்துக்கு ஒரு தெரு வகுத்து, சண்டாளன் என்று பெயர் வைக்கப்பட்டவனை ஊருக்கு வெளியே தூரத்தில் தள்ளுகின்றன. இந்த லட்சணத்தில், கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கட்டிடக்கலை மாணவர்களுக்கு வாஸ்து சாஸ்திரம் சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள் என்று 2017ல் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அதுவும் பொதுப்பணம்தான்!

பாட்ரிக் கெடஸ் என்னும் ஸ்காட்லாந்துப் பேராசிரியரை லார்டு பெண்ட்லண்டு கவர்னராயிருந்தபோது இங்கு அழைத்தார். அவருடைய நகர அமைப்புப் படங்களை ஏற்றிவந்த கப்பலை 1914ல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. (நம் ஜனங்கள் இன்றும் சமர்த்தனை "எம்டன்" என்பது அந்தக் கப்பலால்தான்.) மனிதர் சளைக்காமல் வேறு படங்களைச் சேர்த்து 1915ல் சென்னையில் காட்டினார். குடிசைகளை மொத்தமாய் இடித்துத் தள்ளுவதை அவர் எதிர்த்தார். அங்கங்கே சிறுகத் திருத்தினால் போதும் என்றார். அது நல்ல புத்தி. ஆனால் கோயில் நகரங்களின் தேரோடும் வீதியின் அகலத்தைக் கண்டு மெச்சியவர் அவர். அந்த வீதியில் யார் நடக்கலாம், யார் நடக்கக்கூடாது என்பதை அளக்க அவர் நாடாவில் கோடு இல்லை. 1920ல் சென்னை மாகாண நகர அமைப்புச் சட்டம் வந்தது. அதன்பின் வந்த சட்டங்களும் வீதிக்கு அகலம் சொல்லின, வீட்டுக்கு உயரம் சொல்லின. ஜாதியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காததோடு நிற்கவுமில்லை. ஆதிதிராவிடருக்கு மனை கொடுக்கவென்றே 1978ல் நம் மாகாணத்தில் நிலமெடுப்புச் சட்டம் வந்தது. நோக்கம் நல்லதுதான். நடந்தது என்ன? நிலம் எடுத்த இடமெல்லாம் ஊருக்கு வெளியே. கட்டிக்கொடுத்ததெல்லாம் தனித் தொகுப்பு வீடு. பழைய சேரியை மனு கட்டினான். புதிய சேரியைச் சர்க்கார் கான்கிரீட்டில் கட்டிற்று. பட்டணத்திலும் கூவக்கரைக் குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பல்லாயிரக்கணக்கில் அனுப்பினார்கள். 2025 ஏப்ரலில் "காலனி" என்ற சொல்லைச் சர்க்கார் தஸ்தாவேஜுகளிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். சந்தோஷம். சொல் போய்விட்டது, இடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்தப் படத்தை மாற்றிப் போட ஒரே ஒரு முயற்சி நடந்தது. அதுதான் 1997ல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம். நூறு வீடு, அதில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்பட்டோருக்கு 25, மிகப் பிற்பட்டோருக்கு 25, மற்றவர்க்கு 10. இருநூறுக்கு மேற்பட்ட ஊர்களில் கட்டினார்கள். ஆரோவில் இருக்கும் அதே வானூர்ப் பக்கத்தில், கொழுவாரியில், 2022 ஏப்ரல் 5ந் தேதி ஒரு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 124 நாட்டு மண்ணை ஒரு தாழியில் போடுவது சுலபம். நான்கு ஜாதிக்காரனை ஒரே தெருவில் அடுத்தடுத்த சுவரில் குடிவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஜாதி தெரிந்தவனுக்குத்தான் தெரியும். அப்படியானால் உலகத்தார் வந்து ஆராய வேண்டியது எதை?

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கு வீட்டு வசதிக் கழகம் 1989 முதல் ஒவ்வொரு கட்டிடத்திலும் சீனர் இவ்வளவு, மலாய்க்காரர் இவ்வளவு, இந்தியர் இவ்வளவு என்று அளவு வைத்திருக்கிறது. நம் தமிழர்களும் அதற்குள்தான் குடியிருக்கிறார்கள். வீட்டை விற்கப் போகும் சிறுபான்மையினருக்கு இதனால் வில்லங்கம் உண்டென்று குறைகூறுவோரும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கழகம் 1968 முதல் ஐந்தாண்டுக்கொருமுறை குடியிருப்பவர்களைக் கேட்டு, அக்கம்பக்கத்தாரோடு பழக்கம் எப்படி என்பது வரை கணக்கெடுத்து, புத்தகமாய் வெளியிடுகிறது. சரியோ தப்போ, பேசுவதற்குக் கணக்கு இருக்கிறது.

சமத்துவபுரத்தின் மீது "அங்கே எல்லோரும் வீட்டை விற்றுவிட்டார்கள், பூட்டிவிட்டார்கள், ஜாதி அப்படியே இருக்கிறது" என்று ஏளனம் பேசுகிறவர்கள் நிறைய. "ஜாதியே ஒழிந்துவிட்டது" என்று மேடையில் முழங்குகிறவர்களும் உண்டு. இருவர் பேச்சும் நமக்கு வேண்டாம். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டிடக்கலைக்கும் திட்டமிடலுக்கும் தனிப் பள்ளி இருக்கிறது. நகர் ஊரமைப்பு இயக்ககம் இருக்கிறது. மாநிலத் திட்டக் குழு இருக்கிறது. இவர்கள் ஒவ்வொரு சமத்துவபுரத்துக்கும் ஆள் அனுப்பி வீடு வீடாகக் கேட்கட்டும். முதலில் குடிவந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்? போனவர்கள் வேலைக்காகப் போனார்களா, அண்டை வீட்டான் ஜாதிக்காகப் போனார்களா? ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்த பிள்ளைகள் இன்று கல்யாணத்துக்கு யாரைத் தேடுகிறார்கள்? கூரைக் கம்பி எப்படி இருக்கிறது என்பதையும் அதோடு சேர்த்துப் பார்க்கட்டும். கண்டதைக் கண்டபடி, நமக்குப் பிடிக்காததாயிருந்தாலும், தமிழில் அச்சிட்டு அந்தந்த ஊராட்சி ஆபீசில் வைக்கட்டும்.

அடுத்த சட்டசபைக் கூட்டத்தில் மான்யக் கோரிக்கை வரும்போது, வீட்டு வசதி மந்திரியிடம் இதற்கு என்ன செலவாகும் என்று கேட்க, மரக்காணம் பக்கத்து ஓட்டை வாங்கிப் போன அங்கத்தினர் எழுந்திருப்பாரா என்று அனுமந்தைத் தோழரோடு நாமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.