வரிச்சலுகை கட்டுகிறவருக்கு, வாடகைச் சுமை நமக்கா?



சித்தூர் மாங்கூழ் ஆலைகளில் கால்கடுக்க நிற்கிறோம். திருப்பதியில் சாரம் ஏறுகிறோம். விடுதிகளில் பாத்திரம் கழுவுகிறோம். மாதம் பிறந்தால் கூலியின் முதல் பங்கு வீட்டுக்காரருக்கு. தண்ணீருக்குத் தனிக் காசு, கரண்டுக்குத் தனிக் காசு. ரசீது கேட்டால் "காலி செய்" என்பதே பதில்.

அரசு வீடு தரவில்லையா? தருகிறது, சொந்த வீடு! ஆனால் மத்திய அரசுத் திட்டத்தில் அதைப் பெற, இந்தியாவில் எங்குமே நமக்குப் பக்கா வீடு இருக்கக் கூடாது. ஆரணிப் பக்கம் அப்பா கட்டிய இரண்டு அறை வீடு நம் பெயரில் இருந்தால் மனு தள்ளுபடி. பிழைக்க வந்தவனுக்குத் தேவை வாடகை வீடு.

2020 ஊரடங்கில் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக நடந்தே ஊர் திரும்பிய பிறகுதான் தில்லி இதை உணர்ந்தது. அந்த ஆண்டு ஜூலை 8 அன்று மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கட்டுகிறவருக்கு லாபத்தில் வருமானவரி விலக்கு, 50 சதவீதம் கூடுதல் தளப்பரப்பு, குறைந்த வட்டிக் கடன்!

நமக்கு? வாடகை இரண்டாண்டுக்கு 8 சதவீதம், ஐந்தாண்டில் மொத்தம் 20 சதவீதத்துக்கு மேல் ஏறாது என்ற விதி. நல்ல விதிதான். ஆனால் முதல் வாடகையை உள்ளூர் நிலவரம் பார்த்து வைக்கலாமாம். அடிவாடகையே மலையேறிவிட்டால் ஏற்றத்துக்கு வரம்பு கட்டி என்ன பயன்?

தமிழ்நாட்டைப் பாருங்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் படுக்கை வேறு, வீடு வேறு. புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் என்று வாழும் நம் குடும்பம் எந்தப் படுக்கையில் அடங்கும்?

2024 செப்டம்பரில் தொடங்கிய நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும் வாடகை வீட்டுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. எனவே கேட்கிறோம்:

மக்கள் பணத்தில் சலுகை பெறும் கட்டடத்தின் வாடகை, குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட்டு வைக்கப்படட்டும். அதில் குடும்ப வீடுகளுக்குப் பங்கு ஒதுக்கப்படட்டும். வேலை செய்யும் இடத்துச் சான்றே போதும். உள்ளூர் ரேஷன் கார்டு கேட்டு விரட்டாதீர்கள்!

இது பிச்சையல்ல. நாம் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் வரி கட்டுகிறோம். அந்தப் பணத்தில் நமக்கும் பங்குண்டு.

அடுத்த கூட்டத்துக்கு வெறுங்கையோடு வராதீர்கள். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, தண்ணீர்க் காசு எவ்வளவு என்று குடும்பத்துக்கொரு தாளில் எழுதி வாருங்கள். சித்தூர், திருப்பதி மாநகராட்சிகளின் கதவைத் தட்ட அந்தக் கணக்கே நம் ஆயுதம்!