சருமமும் மருந்துக்கடைக் களிம்பும்

சருமத்தைப் பேணுவது என்று பேச்செடுத்தாலே அதை நிறத்தைப் பற்றிய விசாரமாக மாற்றிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. 1975-ஆம் ஆண்டில் சிவப்பழகு தருவதாகச் சொல்லிச் சந்தைக்கு வந்த பிரசித்தமான களிம்பு ஒன்று, 2020-இல் தன் பெயரிலிருந்தே அந்த வாக்குறுதியை நீக்கிக்கொள்ள நேர்ந்ததென்றாலும், அது வளர்த்துவிட்ட ஆசை குறைந்ததாகத் தெரியவில்லை. நிறம் பிறப்போடு வந்தது. அதில் நாம் செய்யத்தக்கது அதிகமில்லை. சருமத்தின் ஆரோக்கியமோ, நாம் அன்றாடம் குளிப்பதிலும், துவட்டுவதிலும், உடுத்துவதிலும், ஒரு சிறு அரிப்புக் கண்டவுடன் யாரிடம் ஓடுகிறோம் என்பதிலும் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது என்பதும், இவற்றுள் கடைசியாகச் சொன்னதில்தான் நாம் பெரிதும் பிசகுகிறோம் என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் குளியல். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. நாம் தேய்க்கும் சாதாரண சோப்போ காரத்தன்மை மிக்கது. ஆகையால், காலையும் மாலையும் தலை முதல் கால் வரை நுரை பொங்கத் தேய்த்து, பீர்க்கங்கூட்டால் உரசி, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிக்கொள்பவர், தாம் சுத்தத்தின் சிகரத்தை எட்டிவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்க, உண்மையில் தம் தோலுக்கு இயற்கை கொடுத்த எண்ணெய்ப் பசையைத்தான் நாள்தோறும் கழுவி விடுகிறார். அறுபது வயதைக் கடந்தவர்கள் மார்கழி, தை மாதங்களில் முழங்காலுக்குக் கீழே சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அநேகமாக இதுவே காரணம். அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு சோப்புப் போட்டால் போதும். மற்ற இடங்களில் வெறும் தண்ணீரே அதன் வேலையைச் செய்துவிடும். துவட்டியதும் ஈரப்பதம் முற்றும் போகுமுன்னே தேங்காயெண்ணெயை மெல்லத் தடவிக்கொண்டால், ஈரம் தோலிலேயே தங்கும். முகப்பரு உள்ள பிள்ளைகளின் முகத்துக்கு மட்டும் இந்த எண்ணெய் உபசாரம் வேண்டாம். வெயிலைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. உச்சிப்பொழுதில் வெளியே செல்பவர் குடை பிடிக்க வெட்கப்படாதிருந்தால் பாதிக் காரியம் முடிந்தது.

எனக்கு அதிகக் கவலை தருவது ஈரமே. நம்முடைய புழுக்கமான சீதோஷ்ணத்தில், குளியலறைக் கதவில் தொங்கும் ஒரே துண்டை வீட்டில் நால்வர் மாறி மாறி உபயோகிப்பதும், வியர்வையில் நனைந்த ஜீன்ஸை மறுநாளும் மாட்டிக்கொள்வதும், மழைக்காலத்தில் முழுதும் காயாத உள்ளாடையை அவசரத்துக்கு அணிந்துகொள்வதும் படர்தாமரைக்குப் பந்தல் போட்டுக் கொடுப்பதற்குச் சமானம். இடுப்பில் ஆண்டுக்கணக்காகக் கழற்றாமல் கிடக்கும் அரைஞாண் கயிறு ஈரத்தையும் பூஞ்சையையும் சேர்த்தே சுமக்கிறது. பெண்கள் பாவாடை நாடாவை ஒரே இடத்தில் இறுக்கி முடிவதால் அங்கே தோல் கறுத்துத் தடித்து அரிப்பதைப் பலரும் நோயென்றே கருதுவதில்லை. நாடாவுக்குப் பதிலாக அகலமான பட்டி தைத்துக்கொள்வது தையற்காரருக்குக் கால் மணி நேர வேலை.

இவ்வளவு பத்தியங்களையும் மீறிப் படர்தாமரை வந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அப்போது நம்மவர் செய்யும் முதற்காரியம், தெருமுனை மருந்துக்கடைக்குப் போய், "அரிப்புக்கு ஏதாவது ஒரு ட்யூப் கொடுங்கள்" என்று கேட்பதுதான். கடைக்காரரும் கையை நீட்டி ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். அந்தச் சிறிய ட்யூப்பின் முதுகில் எறும்பெழுத்துகளில் அச்சிட்டிருப்பதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்தால், பூஞ்சையைக் கொல்லும் மருந்து ஒன்று, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஒன்று, அவற்றோடு குளோபெட்டசால் அல்லது பெட்டாமெத்தசோன் என்ற பெயரில் ஒரு ஸ்டீராய்டு என்று மூன்று ஒன்றாகக் கலந்திருப்பது அநேகமாகத் தெரியவரும். பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கிவிடுவது இந்த ஸ்டீராய்டின் கைங்கரியம். ஆனால் அது சிவப்பையும் அரிப்பையும் அடக்கும்போதே, அவ்விடத்துத் தோலின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்தே அடக்கிவிடுவதால், பூஞ்சை யாதொரு தடையுமின்றிப் பரவுகிறது. பூசுவதை நிறுத்தினால் முன்னிலும் உக்கிரமாகத் திரும்புகிறது. மறுபடியும் அதே கடை, அதே ட்யூப். மாதக்கணக்கில் இப்படிப் பூசியவர்களின் தொடையிடுக்கில் தோல் மெலிந்து, பிரசவத் தழும்புபோல் வரிவரியாக விரிசல் விழுந்திருக்கும். அந்த வரிகள் பிறகு மறைவதேயில்லை. சிவப்பழகு வேண்டி இதையே முகத்தில் பூசிக்கொள்ளும் இளைஞர்களும் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனம் பதைக்கிறது.

இந்த ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று மத்திய அரசு 2018-ஆம் ஆண்டிலேயே விதியை இறுக்கிவிட்டது. பழைய மருந்துகளுக்கு எளிதில் மசியாத ஒரு படர்தாமரைப் பூஞ்சை இந்தியாவில் பெருகிப் பல தேசங்களிலும் தென்படவே, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-இல் அதற்கு டிரைகோஃபைட்டான் இந்தோடினியே என்று தனிப்பெயரே சூட்டினார்கள். இத்தனைக்குப் பிறகும் சீட்டைக் கேட்கும் கடைக்காரரைக் காண்பது அரிதாயிருப்பதற்கு, கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடும் வாடிக்கையாளரான நாமும் பொறுப்பாளிகளே என்றாலும், விதியை எழுதியவர்கள் அதை அமலாக்கும் ஆய்வாளர்களைக் கடைகளுக்கு அனுப்பாத குற்றமே பெரிது என்று எனக்குப் படுகிறது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே சீட்டும் மருந்தும் இலவசம். வரிசையில் ஒரு காலைப்பொழுது போகும், அவ்வளவே. போகும்போது, இதுநாள்வரை பூசிய ட்யூப் காலியாக இருந்தாலும் அதை எறிந்துவிடாமல், வெட்கப்பட்டு மறைக்காமல் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. ஸ்டீராய்டு பட்ட படர்தாமரை தன் வட்ட வடிவத்தை இழந்து வேறொரு நோய்போல வேஷம் போடுமாதலால், எதை எத்தனை நாள் பூசினோம் என்று தெரிந்தால்தான் வைத்தியர் சுரண்டிப் பரிசோதித்து நோயை இன்னதென்று நிச்சயிக்க முடியும்.