தலையில் அடிபட்ட பிள்ளையும் பயிற்றுநரின் கடமையும்

விளையாட்டு மைதானத்தில் ஒரு பிள்ளையின் கால் முறிந்தால் அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆட்டத்தை நிறுத்திப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். தலையில் அடிபட்டால் நிலைமை வேறு. பிள்ளை எழுந்து, 'ஒன்றுமில்லை சேர்' என்று சொல்லிவிட்டு மீண்டும் ஓடும். இரத்தமோ வீக்கமோ இராது. ஆனால் மண்டையோட்டினுள் மூளை குலுங்கியிருக்கலாம். இதனையே மூளையதிர்ச்சி என்கிறோம்.

இதைக் கண்டுகொள்ள வேண்டியவர் யார்? அந்த நேரத்தில் அங்கே வைத்தியர் இல்லை. பெற்றோரும் பெரும்பாலும் இல்லை. இருப்பவர் பயிற்றுநரே. ஆகவே சிறுவருக்கு விளையாட்டுப் பழக்கும் எவரும் இதுபற்றிக் கற்றிருப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பதே நமது கருத்து. அதை அவரவர் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட முடியாது.

இரண்டு பிள்ளைகள், இரண்டு சட்டங்கள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006 ஒக்டோபரில், சக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுச் சிறுவன் அமெரிக்கப் பாணி உதைபந்தாட்டத்தில் தலையில் அடிபட்டான். சற்று நேரம் வெளியே இருந்துவிட்டு மீண்டும் ஆடினான். ஆட்டம் முடிந்ததும் விழுந்துவிட்டான். அவசர சத்திரசிகிச்சையால் உயிர் தப்பியது. ஆனால் முதல் சொல்லைப் பேச அவனுக்கு 9 மாதங்கள் சென்றன. 2009இல் அவன் பெயரால் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. பயிற்றுநர், பிள்ளை, பெற்றோர் மூவருக்கும் இந்த ஆபத்தை விளக்க வேண்டும். சந்தேகம் எழுந்தவுடன் பிள்ளையை வெளியே எடுக்க வேண்டும். தகுதிபெற்ற மருத்துவத் துறையினரின் எழுத்துமூல அனுமதியின்றி மீண்டும் ஆடவிடக் கூடாது. 2014 அளவில் அந்நாட்டின் 50 மாநிலங்களும் இவ்வகைச் சட்டங்களை ஏற்றுக்கொண்டிருந்தன.

கனடாவின் ஒட்டாவா நகரில் றோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவி றக்பி ஆடியவள். ஒரு வாரத்துக்குள் மூன்று முறை தலையில் அடிபட்டு, 2013 மே மாதத்தில் இறந்தாள். தனக்கு மூளையதிர்ச்சியாக இருக்குமோ என்று இணையத்தில் தேடியிருக்கிறாள், தோழிகளுக்கும் எழுதியிருக்கிறாள். பெற்றோருக்கோ பயிற்றுநருக்கோ சொல்லவில்லை. 2018இல் ஒன்ராறியோ மாகாணம் அவள் பெயரில் சட்டம் நிறைவேற்றியது. அதன்படி பயிற்றுநர்களும், 26 வயதுக்குட்பட்ட விளையாட்டு வீரரும், 18 வயதுக்குட்பட்டோரின் பெற்றோரும் ஆண்டுதோறும் இதுபற்றிய குறிப்புகளை வாசித்து உறுதிப்படுத்த வேண்டும். நம் உறவினரின் பிள்ளைகள் பலர் விளையாடுவதும் அந்த மாகாணத்தில்தான்.

அறிய வேண்டியவை சிலவே

பயிற்றுநர் வைத்தியராக வேண்டியதில்லை. நினைவு தப்பினால்தான் மூளையதிர்ச்சி என்பது தவறு. பெரும்பாலானவற்றில் நினைவு தப்புவதில்லை. தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்குமேயன்றி மூளை குலுங்குவதைத் தடுக்காது. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், வெளிச்சம் கூசுதல், தாமதமாகப் பதில் சொல்லுதல், ஆட்டத்தின் நிலவரத்தை மறத்தல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலே அன்றைய ஆட்டம் அப்பிள்ளைக்கு முடிந்துவிட்டது. திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டு போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம் என்றால் உடனே வைத்தியசாலைக்கு. முதல் அதிர்ச்சி ஆறுமுன் இன்னொரு அடி விழுந்தால், அரிதாகவேனும், மூளை வீங்கி உயிரே போகலாம்.

ஊதியமின்றிப் பழக்குபவர் மேல் மேலும் ஒரு சுமையா என்று சிலர் கேட்பர். ஒரு பின்னேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியதைச் சுமை என்பது எப்படி? கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைப்பதோடு முடிந்துவிடும் என்பது இன்னொரு குறை. அது நியாயமானதே. பாடம் கேட்ட பின்னும் பிள்ளைகள் மறைக்கத்தான் செய்கிறார்கள். அணியில் இடம் போய்விடும், கோழை என்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அதனால்தான் தீர்மானத்தைப் பிள்ளையிடம் விடக்கூடாது. 'ஏலுமா?' என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் 'ஏலும்' என்றே சொல்லும். பயிற்றுநர் கேட்கத் தேவையில்லை. வெளியே எடுக்க வேண்டும். கல்வியோடு இந்தக் கடமையையும் சேர்த்து விதித்தமையே அச்சட்டங்களின் பலம்.

இதைப் பின்பற்ற ஒரு கிராமத்து விளையாட்டுக் கழகத்துக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஆதார வைத்தியசாலைக்குப் போக நெடுந்தூரம் உள்ள ஊர்களில் இதன் தேவை இன்னும் அதிகம். பருவம் தொடங்குமுன் ஒரு வைத்தியரையோ தாதியையோ அழைத்து, பயிற்றுநரையும் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்தி ஒரு மணித்தியாலம் பேசவைக்கலாம். அந்தப் பாடத்தைக் கேட்காதவர் பிள்ளைகளைப் பழக்கக் கூடாது என்று கழகப் பொதுக்கூட்டத்தில் தீர்மானிக்கலாம். அடுத்த கூட்டத்திலேயே இதைச் செய்வோம்.